பக்கத்துக்கு நாலு சக்கரம்

அச்சில் ஏறிய குடும்பக் கண்ணீரின் விலை அந்த வருஷம் பக்கத்துக்கு நாலு சக்கரம். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அனந்தபுரியின் சாலைக் கடைத்தெருவில் நல்லமிளகு ஏறி, கொத்தமல்லி இறங்கியிருந்த சமயம். கண்ணீர் மட்டும் ஏறாமல் இறங்காமல் ஒரே விலையில் நின்றது. கண்ணீருக்கு விலையே கிடையாது என்று மேடையில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மொத்தக் கொள்முதல் செய்து பழகாதவர்கள்.

இந்த விலையை நிர்ணயித்த ஸ்தாபனம் அனந்தபுரி ஓய்வுநேர எழுத்தாளர் அபிவிருத்திக் கழகம். சாலையில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் அது இருந்தது. தலைவர் ஆறுமுகநயினார், ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் பிறர் எழுதியதற்கு அடியில் ‘பார்த்தேன்’ என்று எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய இலக்கிய அனுபவம் அந்த ஒரு சொல்தான். காரியதரிசி ஞானசிகாமணி மார்த்தாண்டத்துக்காரர். சோப்பு, சுவர்க் கடிகாரம், இருமல் மருந்து ஆகியவற்றுக்கு ஏஜெண்டாக இருந்து, இவற்றையெல்லாம் ஜனங்கள் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்பதால், திருப்பிக் கொண்டுவர முடியாத சரக்காக இலக்கியத்தைத் தேர்ந்தெடுத்தவர்.

கழகத்தின் விளம்பரம் சாலைச் சுவர்களில் இப்படி இருந்தது:

“குமாஸ்தாக்களே! கணக்கப்பிள்ளைகளே! உபாத்தியாயர்களே! உங்கள் ஓய்வு நேரம் ஒழுகிப் போகிறது. அடியில் பாத்திரம் வையுங்கள்! எழுதிச் சம்பாதியுங்கள்! மாதம் ரூபாய் பதினைந்து!”

திரவியம் முதலாளியின் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிய குற்றாலலிங்கம் தினம் இரண்டு தடவை இதைப் படித்தான். கடையில் அவன் சம்பளம் பன்னிரண்டு ரூபாய். வேலைக்குப் பன்னிரண்டு, ஓய்வுக்குப் பதினைந்து என்றால் எங்கோ கணக்குப் பிழைத்திருக்கிறது என்று எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. ஆனால் பிழை தன் பக்கம் லாபமாக இருக்கும்போது அதைத் தேடிப் பிடிக்கும் கணக்கப்பிள்ளை சாலையில் இன்னும் பிறக்கவில்லை.

அவனுக்கு அந்தப் பணம் வேண்டியிருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடை மூடிப்போய், ஐந்து மாதம் சும்மா இருந்தான். அந்த ஐந்து மாதமும் அவன் மனைவி பகவதி விடியுமுன் எழுந்து, கரமனையில் ஒரு பெரிய வீட்டுப் பின்கட்டில் கூலிக்கு நெல் குத்தினாள். ஆரியசாலைத் தெருவில் அவளுடைய ஆட்கள் யாரும் அப்படி இன்னொருவர் வீட்டில் உலக்கை பிடித்ததில்லை. தெருவில் கேட்டவர்களிடம் ஆற்றில் குளித்துக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவனிடமும் அப்படித்தான் சொன்னாள். அவனும் நம்பியதாகவே இருந்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை கண்ணை மூடிப் படுத்திருப்பான். கை காய்ப்பேறிய பிறகு அந்தக் கையைப் பார்க்காமல் சோறு வாங்கிச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

வேலை கிடைத்த அன்று அவளே எல்லாவற்றையும் சொல்லி, “இது தெருவுக்குத் தெரியாண்டாம், கேட்டீங்களா? எனக்க தங்கச்சிக்குக்கூடத் தெரியாண்டாம். இந்த ஒண்ணையாவது எனக்கு வச்சுத் தாங்க” என்றாள்.

அவன் அப்போதுதான் கேள்விப்படுகிறவன் போலத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அந்த ஐந்து மாதத்தை எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்றுதான் கழகத்தின் படியேறினான்.

சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம். அதோடு ஓர் ஓய்வு நேரச் சான்றிதழும் வேண்டும். மனுதாரருக்கு மெய்யாகவே ஓய்வு நேரம் உண்டு என்று அவருடைய முதலாளி ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும்.

திரவியம் முதலாளி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன வேய் இது?”

“எனக்கு ஓய்வு நேரம் உண்டுன்னு ஒரு ஒப்பு வேணும் முதலாளி.”

“உண்டா?”

“கொஞ்சம்போல.”

“இத்தனை நாளும் எங்கிட்டச் சொல்லவே இல்லியே வேய்!” என்று சந்தோஷமாக ஒப்புப் போட்டார். “இனி கருப்பட்டிக் கணக்கையும் நீரே பாத்துக்கிடும். சும்மா கெடக்கப்பட்ட நேரந்தானே.”

அன்று முதல் அவனிடம் சான்றிதழ் இருந்தது. ஓய்வு இல்லை. மத்தியானச் சோற்று நேரத்தில் எழுத வேண்டியதாயிற்று. இதைக் காரியதரிசியிடம் சொன்னபோது, “நேரம் போனாப் போவட்டும் ஓய். சான்று பத்திரமா இருக்குல்லா? கழகத்துக்கு அது போரும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு, பாடத்துக்குத் தனிக் கட்டணம். முதலில் பேனா வணக்கம். எல்லாரும் எழுந்து பேனாவை நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மை கசிகிற பேனாக்காரர்கள் நெற்றிக்குறியோடு உட்கார்வார்கள். அவர்களைத் தலைவர் முன்வரிசையில் வைத்தார்.

பிறகு தலைவர் பேசுவார்.

“எழுத்து ஒரு தவம். தவத்துக்குக் கூலி கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும். நான் முப்பது வருஷ சர்வீஸில் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதியதில்லை. அதனால்தான் என் நடையில் இன்றுவரை ஒரு பிழை கிடையாது. நீங்களும் அந்த நிலைக்கு வர வேண்டும்.”

கைதட்டல் ஓய்ந்ததும் புனைபெயர்ப் பதிவு நடந்தது. வாசனையுள்ள பெயர்களுக்கும், சந்திரன் வருகிற பெயர்களுக்கும் அதிக விலை. ஏழு சக்கரத்துக்குக் கிடைத்தது ‘துயரதாசன்’. குற்றாலலிங்கம் பேரம் பேசிப் பார்த்தான். தாசனை எடுத்துவிட்டால் குறைப்பார்களா என்று கேட்டான். பெயர் முழுசாகத்தான் விற்கப்படும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதம் நிராகரிப்புப் பாடம். “பத்திராதிபர்கள் திருப்பி அனுப்புவார்கள். பழகாத நெஞ்சு தாங்காது. ஆகவே இங்கேயே பழக்கிவிடுகிறோம்” என்றார் தலைவர். ‘தங்கள் கதையைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த கடிதங்கள் ஆளுக்கு ஆறு, ஒவ்வொன்றும் ஒரு சக்கரம். குற்றாலலிங்கம் அதுவரை ஒரு கதையும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் நாலாவது கடிதத்தைப் பிரித்தவன், பக்கத்தில் இருந்தவர் பார்க்காமல் அதை மடித்து மடியில் ஒளித்துக்கொண்டான். தலைவர் அதைக் கண்டு, “பாடம் பலித்தது!” என்று மேஜையைத் தட்டினார்.

அதற்கடுத்தது ரசீதுப் பாடம். பணம் வருகிற நாளில் கை நடுங்கி ரசீது பிழைத்துப்போனால் பணம் வந்த வழியே போய்விடுமாம். ஆகையால் ‘கதை வகையில் ரூபாய் பதினைந்து பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, சொந்தப் பெயர், தெரு, கடை எல்லாம் குறித்து, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் பழகினார்கள். பழகிய ரசீதுகளைத் திருத்தித் தருவதாக ஞானசிகாமணி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில்தான் கதை. தலைவர் சொன்னார்:

“கற்பனை வேண்டாம். அதற்குக் காகிதம் அதிகம் செலவாகும். அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். வெளியே சொல்லக்கூடாதது எதுவோ அதற்குத்தான் கிராக்கி. கழகமே அச்சடிக்கிற நம்முடைய இதழில் பக்கத்துக்கு நாலு சக்கரம்.”

கடைத்தெருவில் அரிசிக்கு மாதிரி பார்ப்பது போல அவரவர் சரக்கில் ஒரு பிடி எடுத்துக் காட்ட வேண்டும். ஓர் உபாத்தியாயர் தமையனின் கள்ளக் கையெழுத்தைக் காட்டினார். பழைய சரக்கு என்று தள்ளினார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா மாமியாரின் வலிப்பைக் கொண்டுவந்திருந்தார். வலிப்பு இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு வந்தாயிற்று. குற்றாலலிங்கத்தின் முறை வந்தது.

“எனக்க பெண்சாதி...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

“சொல்லும் ஓய்! பெண்சாதின்னா நல்ல ஓட்டமாக்கும்” என்றார் ஞானசிகாமணி.

சொன்னான். முன்வரிசை முழுதும் அவன் பக்கம் திரும்பியது. அத்தனை பேர் தன்னை அப்படிக் கவனித்தது அவன் ஆயுளில் அதுவே முதல் தடவை. அதனால் காய்ப்பேறிய கையையும் சேர்த்துச் சொன்னான்.

தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார். “கணவனுக்குத் தெரியுமா?”

குற்றாலலிங்கம் பேனா மூடியைத் திருகினான்.

“தெரியும் என்று எழுதினால் அவனைத் திட்ட வேண்டி வரும். நம் சந்தாதாரர் எல்லாரும் கணவன்மார். திட்டு வாங்க அவர்கள் சந்தா கட்ட மாட்டார்கள், அது வீட்டிலேயே கிடைக்கிறது. தெரியாது என்று எழுதும்.”

அவன் எழுதினான். கணவனுக்குத் தெரியாது. ஒரு நாள் தெரியவருகிறது. மனைவியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதறுகிறான். ‘அந்தோ, நான் அறியாது போனேனே!’ என்ற வரியை எழுதியபோது இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் நெஞ்சு லேசாயிற்று. அந்த லேசுக்காகவே அதை இன்னொரு பக்கம் நீட்டினான். ஏழு பக்கம் வந்தது.

ஏழு பக்கத்துக்கு இருபத்தெட்டுச் சக்கரம். ஞானசிகாமணி அதை இருபத்தெட்டு இதழ்களாகக் கொடுத்தார், பிரதி ஒரு சக்கரம்.

“துட்டு இல்லியா?”

“துட்டு செலவாகிப் போவும் ஓய். இது நிக்கும்.”

இருபத்தெட்டுப் பிரதிகளோடு தெருவில் நின்றபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. தெரிந்தவர்களுக்கு விற்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பகவதிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். கீழே போடவோ, காசு கொடுத்த சரக்கைக் கீழே போடும் பழக்கம் சாலையில் இல்லை. சாலைக்காரன் எவனும் செய்யக்கூடியதை அவன் செய்தான். பொட்டலம் மடிக்கிற காகிதமாக எடைக்குப் போட்டான். தன் பெயர் அதில் எங்கே இருக்கிறது, துயரதாசன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தன் கதையை எட்டுத் தடவை படித்தவன், கடைசிப் பக்கத்தின் பின்புறத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்கவில்லை. எழுதுகிறவர்கள் அடுத்தவர் விஷயத்தைப் படிப்பதில்லை.

வாங்கியது அவனுடைய முதலாளியேதான்.

“புதுக் கடுதாசி முதலாளி. மையே உணங்கல்ல. ராத்தலுக்கு ஒண்ணரைச் சக்கரம் போடலாம்.”

“மை உணங்கலேன்னா சீரகத்துல ஒட்டும் வேய். ஒரு சக்கரம்.”

ஏழு ராத்தல் இருந்தது. எழுத்தால் அவன் சம்பாதித்த முதல் பணம் ஏழு சக்கரம். மடியில் முடிந்துகொண்டு கருப்பட்டிக் கணக்கு எழுத உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் கடையில் பெண்கள் கூட்டம். எல்லாருக்கும் சீரகம் வேண்டும். அதுவும் அரைச் சக்கரத்துக்குத்தான் வேண்டும்.

“எனக்கு அந்த அஞ்சாம் பக்கத்துல பொதிஞ்சு தாங்க. நாலு வரைக்கும் வாசிச்சாச்சு.”

“அவ பின்வாசல்ல கூலிக்கு நிக்கப்பட்ட இடம் இன்னொரு கடுதாசி உண்டா? எனக்க நாத்தனாருக்கு.”

குற்றாலலிங்கம் மேஜைக்குப் பின்னால் தலையைக் குனிந்தான். அடுத்த வீட்டு சாவித்ரி அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணாச்சி! பதினஞ்சு ரூவாயா தந்தாங்க?”

“எது?”

அவள் பொட்டலத்தைப் பிரித்துச் சீரகத்தை முந்தானையில் கொட்டிக்கொண்டு காகிதத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் துயரதாசன் கதறிக்கொண்டிருந்தான். மறுபக்கம் கழகத்தின் விளம்பரம். ‘மேற்படி உருக்கமான உண்மைச் சரித்திரத்துக்கு எமது மாணவர் பெற்ற சன்மானம் காண்க’ என்று போட்டு, அதற்குக் கீழே அவன் பழகிய ரசீது, அவனுடைய கையெழுத்தோடு, பிளாக் எடுத்து அச்சாகியிருந்தது. ஆரியசாலை, குற்றாலலிங்கம், திரவியம் பலசரக்குக் கடை. எழுத்து நடுங்கவில்லை. பாடம் அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது.

“எங்க அவுகளையும் அங்க சேத்து விடுங்க அண்ணாச்சி. எங்கிட்டயும் ஒளிச்சு வச்சது ஒண்ணு ரெண்டு கெடக்கு” என்றாள் சாவித்ரி.

கூட்டம் கலைந்ததும் முதலாளி வந்து தோளில் கைவைத்தார்.

“வேய், ரெண்டு மூடை சீரகம் போச்சு. அடுத்தது எப்போ எழுதுவீரு? கொத்தமல்லி தேங்கிக் கெடக்கு.”

அன்று அவன் வீட்டுக்கு நேர்வழியில் போகவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றிப் பார்த்தான். எப்படிச் சுற்றினாலும் வழி ஆரியசாலையில்தான் வந்து முடிந்தது.

பகவதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கதையின் நாலு தாள்களும் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ‘நீ சொல்லியிருந்தா நாங்க நாழி அரிசி தந்திருப்போமே’ என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றுவதாகக் குனிந்தான்.

“கரமனைப் பாலத்துல காத்துக்கு நான் முந்தானையைத் தலையோட சுத்திக்கிட்டுப் போனதுகூட எழுதியிருக்கீங்க. அதை நான் ஒங்களுக்குச் சொன்னதில்லியே?”

“அது... கற்பனை.”

“கற்பனையா? ஒரு நாள் பாலம் வரைக்கும் எனக்க பின்னால வந்தீங்க. வந்துட்டுத் திரும்பிப் போனீங்க. நான் பாத்தேன்.”

முறம் ஆடிக்கொண்டே இருந்தது.

“தெரு அறிஞ்சது போவட்டும். நாளைக்கு வேற ஒருத்தி கெடைச்சா இதை மறந்திரும். ஒங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை எப்படி எழுதினீங்க?”

“கழகத்துல அப்படி எழுதணும்னு சொன்னாங்க.”

“கழகமா எனக்க பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக் கெடந்தது?”

அவன் ஒரு தாளை எடுத்துப் பார்ப்பது போலச் செய்தான். ‘அந்தோ’ என்ற சொல்லின் மேல் ஒரு சீரகம் ஒட்டியிருந்தது.

“அதை மாத்தச் சொல்லுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாம். ஒங்களுக்குத் தெரியும்னு போடணும். அந்த ரசீதுல போட்ட மாதிரியே பேரு போட்டு.”

மறுநாள் கழகத்தின் படியில் ஏற இடமில்லை. பதினைந்து ரூபாய் ரசீதைப் பார்த்துவிட்டுச் சேர வந்தவர்கள் நுழைவுக் கட்டணத்தோடு வரிசையில் நின்றார்கள். அவனைக் கண்டதும் ஞானசிகாமணி அன்போடு உள்ளே அழைத்து, எல்லாருக்கும் காட்டினார். புதியவர்கள் பேனாவை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள்.

“அந்தப் பதினைந்து ரூபாய்...” என்றான் குற்றாலலிங்கம்.

“அது பாடம்லா ஓய்.”

“அப்படின்னா ஒரு திருத்தம் போடணும். கணவனுக்குத் தெரியும்னு.”

ஞானசிகாமணி தலைவரைப் பார்த்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“யோசித்துப் பாரும். கதைக்கு நாம் பணம் கொடுக்கிறோம். ஏன்? அது கதை. நீர் கொண்டுவந்திருப்பது உண்மை. அது விளம்பர இனத்தில் சேரும். உண்மைக்கு வரிக்கு எட்டுச் சக்கரம், முன்பணம். ரூல் அப்படி. இனாமாகப் போட ஆரம்பித்தால் ஊரில் இருக்கிற கணவன்மார் எல்லாரும் வந்துவிடுவார்கள். அப்புறம் கதைக்கு இடமேது?”

“ஏழு சக்கரந்தான் இருக்கு.”

“ஏழு சக்கரத்துக்கு ‘தெரியும்’ வராது ஓய். ‘தெரிந்திருக்கலாம்’ போடலாம்” என்றார் ஞானசிகாமணி.

அவன் வீட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்றபடியே விலையைச் சொன்னான். பகவதி சிரிக்கவில்லை, பேரமும் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டுச் சக்கரத்தை எண்ணி அவன் கையில் வைத்தாள். அப்போது அந்த உள்ளங்கை விரிந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். காய்ப்பு இன்னும் போகவில்லை.

அடுத்த இதழில், இருமல் மருந்து விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘திருத்தம்: கதையில் கணவனுக்குத் தெரியாது என்றிருப்பதைத் தெரியும் என்று வாசிக்கவும். ஆரியசாலை, குற்றாலலிங்கம்.’

தெருவில் யாரும் அதைப் படிக்கவில்லை. அந்த இதழை யாரும் எடைக்குப் போடவில்லை. பகவதி படித்தாள். படித்துவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் கடைக்கணக்கு எழுதுகிற முறையிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினான்:

வரவு. கதைப் பிரதிகள் எடைக்கு விற்றது, சக்கரம் 7.

செலவு. நுழைவுக் கட்டணம் 28. புனைபெயர் 7. பாடங்கள், ஸ்டாம்பு உள்பட 42. நிராகரிப்பு 6. உண்மை, வரி ஒன்றுக்கு 8. ஆகச் சக்கரம் 91.

வரவு போக நஷ்டம், சக்கரம் 84. அதாவது ரூபாய் மூன்று.

கொடுக்க வேண்டியது. பகவதிக்குக் கைமாற்று, சக்கரம் 8. மேற்படியாளுக்கு ஐந்து மாத நெல்குத்துக் கூலி, தெரிந்தே சாப்பிட்டது. பாக்கி.